காதுக்குத் தெரியாத பிழைகள்

ஒரு பாட்டு சிடியை ஒரே கணினியில் இருமுறை நகலெடுத்துப் பாருங்கள். அதே தட்டு, அதே டிரைவ், அதே மென்பொருள். இரண்டு கோப்புகளையும் கேட்டால் வித்தியாசம் எதுவும் தெரியாது. ஆனால் பைட் பைட்டாக ஒப்பிட்டால், சில தட்டுகளில் இரண்டும் பொருந்துவதில்லை. எங்கோ சில நூறு எண்கள் மாறியிருக்கும். ஒரு கணக்குக் கோப்பை இருமுறை நகலெடுத்து இப்படி எண்கள் மாறினால் அந்தக் கணினியை யாரும் நம்ப மாட்டார்கள். பாட்டுத் தட்டில் மட்டும் இது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நடந்துவிடுகிறது.

நகலெடுக்கும்போது வரும் கோளாறுகள் பலவகை. பாட்டுக்கு நடுவே "டிக்" என்றொரு ஒலி, ஒரு கணம் விட்டுப்போகும் குரல், உறுமிக்கொண்டே நகராமல் நிற்கும் டிரைவ், எழுதி முடித்த பின் பழைய வாசிப்பானில் பாட மறுக்கும் தட்டு. இவற்றில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். ஆடியோ சிடி மனிதக் காதுக்காகச் செய்யப்பட்டது. பிழை நேர்ந்தால் காது அறியாதபடி அதை மூடிவிட வேண்டும் என்பதே அதை வடிவமைத்தவர்களின் குறிக்கோள். நகலெடுப்பவரின் தேவை வேறு. தட்டில் உள்ளது உள்ளபடி வேண்டும். மூடி மெழுகியது வேண்டாம். ஆகவே நகலெடுப்பதில் பிழை தேடுவது என்பது, தட்டும் டிரைவும் சேர்ந்து மறைத்ததை வெளியே கொண்டுவரும் வேலை.

தட்டின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980இல் வகுத்த விதித்தொகுப்புக்குச் சிவப்புப் புத்தகம் என்று பெயர். முதல் வாசிப்பானான சோனி சிடிபி-101, ஜப்பானில் 1982 அக்டோபர் 1 அன்று விற்பனைக்கு வந்தது. தட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். கனத்தில் ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக். அதன் மேல்முகத்தில் அரை மைக்ரான் அகலமுள்ள நுண்பள்ளங்கள், அவற்றின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதைக் காக்கச் சில மைக்ரான் வார்னிஷ், கடைசியாகப் படமும் எழுத்தும். பள்ளங்கள் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரே சுருளாக 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு இடைவெளி 1.6 மைக்ரான்தான். கீழிருந்து வரும் அகச்சிவப்பு லேசர் இந்தச் சுருளைத் தொடர்ந்துகொண்டே போகிறது.

இசை அங்கே எண்களாக இருக்கிறது. ஒலி அலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, இடது வலது இரண்டுக்கும் 16 பிட் எண்களாக எழுதப்படுகிறது. இப்படி ஒருமுறை அளந்தது ஒரு மாதிரி. வினாடிக்கு 1,76,400 பைட். ஒரு மணி நேர இசைக்கு 63 கோடிக்கும் மேல். இத்தனை கோடி எண்களைத் தூசும் கைரேகையும் படும் ஒரு பிளாஸ்டிக் தகட்டிலிருந்து, சுழலும் வேகத்தில் ஒளியால் படிக்க வேண்டும். பிழையே இல்லாமல் படிக்க முடியாது என்பதை வடிவமைத்தவர்கள் முதல் நாளே ஏற்றுக்கொண்டார்கள். எண்கள் 24 பைட் கொண்ட சிறு கட்டுகளாகப் போகின்றன. வினாடிக்கு 7,350 கட்டுகள். அவற்றில் 220 கட்டுகள் வரை பழுதோடு வரலாம் என்று விதித்தொகுப்பே அனுமதிக்கிறது. கடையில் உறை பிரிக்காமல் வாங்கிய தட்டும் இதற்கு விலக்கில்லை. அப்படியிருந்தும் இசை சுத்தமாகக் கேட்கிறது என்றால், அதற்குப் பின்னால் அழகான கணிதம் ஒன்று இருக்கிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வகத்தில் இருந்த இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட ஐந்து பக்கக் கட்டுரையில் அது தொடங்குகிறது. அடிப்படைக் கருத்தைப் பள்ளி வரைபடத்தாளிலேயே பார்த்துவிடலாம். ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்க இரண்டு புள்ளிகள் போதும். அதே கோட்டில் மேலும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து நான்காக எழுதி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு புள்ளி கெட்டுவிட்டால், மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கும், ஒன்று மட்டும் விலகி நிற்கும். எது கெட்டது என்பதும் தெரிகிறது, அதன் சரியான இடமும் தெரிகிறது. ரீட்-சாலமன் முறை நேர்கோட்டுக்குப் பதிலாகப் பெரிய பல்லுறுப்புக் கோவைகளைக் கொண்டு இதையே செய்கிறது. சிடியில் இது இரண்டு அடுக்காக இருக்கிறது. 24 பைட் இசையோடு 4 பைட் காவல் சேர்ந்து 28 ஆகிறது. அந்த 28 பல கட்டுகளுக்குச் சிதறடிக்கப்படுகிறது. பிறகு இன்னொரு 4 பைட் காவல் சேர்ந்து 32 ஆகிறது.

அந்த இடைப்பட்ட சிதறல்தான் என்னை எப்போதும் வியக்க வைப்பது. ஒரே கட்டில் பிறந்த பைட்டுகள் 109 கட்டுகளுக்குப் பரப்பி எழுதப்படுகின்றன. தட்டின் சுருளில் அது ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நீளம். ஒரு கீறல் சுருளில் 2 மில்லிமீட்டரைத் தின்றுவிட்டாலும், எந்த ஒரு கட்டும் முழுதாக அழிவதில்லை. பல கட்டுகளில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேதம் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. அந்தக் கொஞ்சத்தைக் காவல் பைட்டுகள் சரிசெய்துவிடுகின்றன. இப்படிச் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்த இசையை எழுதியது எழுதியபடி மீட்க முடியும். இதுவரை ஏமாற்று எதுவும் இல்லை. கிடைப்பது மூல எண்களேதான்.

கீறல் அதற்கும் மேல் நீண்டால் வாசிப்பான் வேறு உபாயத்துக்குப் போகிறது. கெட்டுப்போன எண்ணுக்கு இருபுறமும் உள்ள நல்ல எண்களைப் பார்த்து, நடுவில் இருக்கக்கூடியதை ஊகித்து நிரப்புகிறது. ஒற்றைப்படை வரிசையில் வரும் எண்களையும் இரட்டைப்படை வரிசையில் வரும் எண்களையும் தட்டில் விலக்கி எழுதியிருப்பதன் நோக்கம் இதுதான்: ஒன்று கெட்டாலும் அதன் அக்கம்பக்கம் பிழைத்திருக்கும். ஒலி அலை பெரும்பாலும் வழுவழுப்பாக ஏறி இறங்குவதால் இந்த ஊகம் காதுக்குப் பிடிபடுவதில்லை. ஊகிக்கவும் வழியில்லாத அளவுக்குச் சேதம் மிஞ்சினால், அந்த இடத்தை மெல்ல அமைதியாக்கிவிடுகிறது. இந்த ஊகத்தைச் செய்யும்போது வாசிப்பான் யாருக்கும் சொல்வதில்லை. வரவேற்பறையில் பாட்டுக் கேட்பவருக்கு அது தேவையும் இல்லை.

கணினித் தகவல் சிடியில் இப்படி ஊகிக்க முடியாது. ஒரு வங்கிக் கணக்கில் இருக்கும் எண்ணை அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து நிரப்பினால் என்ன ஆகும்! அதனால் தகவல் சிடிக்கு மூன்றாவதாக ஒரு காவல் அடுக்கு உண்டு. 2,352 பைட் கொண்ட ஒவ்வொரு செக்டாரிலும் 2,048 மட்டுமே தகவல். மீதியில் பெரும்பகுதி பிழை கண்டுபிடிக்கவும் திருத்தவும் செலவாகிறது. பாட்டுத் தட்டிலோ 2,352 பைட்டும் இசையே. மூன்றாவது அடுக்கும் இல்லை, திருத்தியது சரிதானா என்று சோதிக்கும் கூட்டுத்தொகையும் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தட்டுகளில், ஒன்றை நகலெடுத்தால் கணினி உத்தரவாதம் தருகிறது, மற்றதற்குத் தருவதில்லை என்றால் காரணம் இதுதான்.

இன்னொரு குறையும் பாட்டுத் தட்டில் இருக்கிறது. 1990களில் நகலெடுத்தவர்களை அதிகம் படுத்தியது அதுதான். தகவல் செக்டார் ஒவ்வொன்றின் தலையிலும் அதன் முகவரி எழுதப்பட்டிருக்கும். பாட்டு செக்டாருக்கு அப்படித் தலை இல்லை. இசையோடு ஒட்டிப் போகும் கியூ என்ற ஒரு துணை ஓடையில் மட்டுமே பாட்டின் எண்ணும் நிமிடம் வினாடிக் கணக்கும் இருக்கும். அதுவும் எப்போதும் இருக்காது. சில இடங்களில் நேரக் கணக்குக்குப் பதில் தட்டின் வரிசை எண்ணோ பாட்டின் பதிவு எண்ணோ வந்துவிடும். வாசிப்பானுக்கு இதனால் கேடில்லை. அது ஒரு பாட்டைத் தொடங்கினால் நிற்காமல் முடிவு வரை போகிறது. கணினி அப்படிப் படிப்பதில்லை. கொஞ்சம் படிக்கும், ஹார்ட் டிஸ்கில் எழுதும், மறுபடி படிக்க வரும். அன்றைய டிரைவுகளிடம் "விட்ட இடத்திலிருந்து தொடங்கு" என்று சொன்னால், ஏறத்தாழ அந்த இடத்தில் தொடங்கின. சில நூறு மாதிரிகள் முன்னே, அல்லது பின்னே. முன்னே போனால் இசையில் ஒரு துணுக்கு காணாமல் போகும், பின்னே போனால் ஒரு துணுக்கு இருமுறை வரும். இரண்டும் காதில் "டிக்" என்றே விழும். தட்டில் ஒரு கீறலும் இல்லாமல், பாட்டு முழுக்கச் சீரான இடைவெளியில் "டிக் டிக்" என்று கேட்டால், பெரும்பாலும் ஒட்டு சரியில்லை என்று அர்த்தம்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு நம் அந்தாதியைப் போன்றது. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாக வருவதால், சுவடி கலைந்துபோனாலும் வரிசையை மீட்டுவிடலாம் அல்லவா? அதேபோல, ஒவ்வொரு முறையும் முன்பு படித்ததன் வால்பகுதியையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். இரண்டு துண்டுகளிலும் ஒரேமாதிரி எண்வரிசை எங்கே பொருந்துகிறதோ, அங்கே ஒட்ட வேண்டும். கிறிஸ்டோபர் மான்ட்கோமரி லினக்ஸுக்கு எழுதிய சிடிபாரனோயா இப்படித்தான் வேலை செய்தது. பின்னால் வந்த டிரைவுகள் விட்ட இடத்தைத் துல்லியமாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டதால், இன்று இந்தப் பிழை அரிது. மிகப் பழைய டிரைவைப் பரணிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

டிரைவின் ஊகத்தைப் பிடிப்பது இதைவிடக் கடினம். ஜெர்மனியின் டோர்ட்முண்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஆந்த்ரே வீட்ஹாஃப், தனக்கு வாய்த்த மென்பொருள்கள் எதுவும் கீறல் விழுந்த தட்டைச் சரியாகப் படிக்காததால், 1998இல் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற ஒன்றைத் தானே எழுதினார். அதன் வழி எளிமையானது: யாரையும் ஒரே பேச்சில் நம்பாதே. ஒவ்வொரு செக்டாரையும் இருமுறை படிக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் மேலே போகிறது. ஒத்துப்போகாவிட்டால் மீண்டும் மீண்டும் படித்து, பதினாறு முறையில் எட்டு முறையாவது ஒரே விடை வந்தால் அதை ஏற்கிறது. ஊகித்து நிரப்பிய எண்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி வரும். உண்மையாகப் படித்தவை மாறாது. இந்த வேறுபாட்டின் மேல்தான் மொத்த முறையும் நிற்கிறது. டிரைவ் ஒரு பாட்டின் நடுவே மணிக்கணக்கில் நின்று முனகுவது பழுதின் அடையாளம் என்று பலர் நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். மென்பொருள் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும் நேரம் அது. பொறுத்திருங்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. பல டிரைவுகள் கடைசியாகப் படித்ததைத் தம் நினைவகத்தில் வைத்திருக்கும். இரண்டாம் முறை கேட்டால் தட்டைப் பார்க்காமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டு விடையும் ஒத்துப்போவதில் அப்போது பொருளே இல்லை. நல்ல மென்பொருளில் இந்த நினைவகத்தைக் காலிசெய்யும் அமைப்பு இருக்கும். தட்டின் வேறொரு பகுதியைப் படிக்கச் சொல்லிப் பழையதை வெளியேற்றிவிடும். புதிய டிரைவ் ஒன்றை மாட்டியதும் முதலில் பார்க்க வேண்டிய அமைப்பு இது. சில டிரைவுகள் தாங்களே முன்வந்து, எந்தெந்த பைட்டைத் திருத்த முடியவில்லை என்று சி2 குறிகள் மூலம் சொல்லும். நேர்மையாகச் சொன்னால் அது பெரிய உதவி. ஆனால் எல்லா டிரைவுகளின் சொல்லும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. ஒரு கீறல் தட்டை வைத்துச் சோதித்துப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம்.

இருமுறை ஒத்துப்போனது என்பதற்காகவே அது சரி என்று சொல்லிவிட முடியுமா? ஒரே டிரைவ் ஒரே தவறை இருமுறை செய்யலாம். இங்கேதான் டிபிபவர்ஆம்ப் மென்பொருளை உருவாக்கியவர்கள் கொண்டுவந்த அக்யூரேட்ரிப் உதவுகிறது. நீங்கள் எடுத்த பாட்டின் எண்களிலிருந்து ஒரு சோதனைத் தொகை கணக்கிடப்படும். அதே வெளியீட்டைத் தம் வீட்டில், தம் டிரைவில் நகலெடுத்த மற்றவர்களின் தொகைகளோடு அது ஒப்பிடப்படும். யாரோ முகம் தெரியாத பத்துப் பேர், வெவ்வேறு தட்டுகளிலிருந்து, வெவ்வேறு டிரைவுகளில், உங்களுக்கு வந்த அதே எண்ணை அடைந்திருந்தால் உங்கள் நகல் சரி. சோதனைத் தொகை இல்லாமல் பிறந்த ஒரு தட்டுக்கு, பல ஆண்டுகள் கழித்துக் கேட்பவர்களே சேர்ந்து ஒன்றை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். கணினி உலகின் கூட்டு வேலைகளில் இதற்கு உயர்ந்த இடம் உண்டு என்பேன்.

அப்படி ஒப்பிட வேண்டுமானால் முதலில் டிரைவின் தள்ளலைச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு டிரைவ் வகையும், துணை ஓடையில் இருக்கும் நேரக் கணக்குக்கும் இசைக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை மாதிரிகள் விலகிப் படிக்கிறது. சிலவற்றில் 6, சிலவற்றில் 30, சிலவற்றில் 667. கடைசியாகச் சொன்னதுகூட ஒரு வினாடியில் அறுபத்தாறில் ஒரு பங்குதான். காதுக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் இரண்டு டிரைவுகளில் எடுத்த நகல்கள் பைட்டுக்கு பைட் பொருந்தாமல் போனால், பழுது தேடுவதற்கு முன் இந்தத் தள்ளலைப் பாருங்கள். ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தி வைத்ததும் முழுதாகப் பொருந்திவிட்டால் அங்கே பிழையே இல்லை. ஒவ்வொரு டிரைவ் வகைக்கும் உரிய எண் அட்டவணையாகக் கிடைக்கிறது. ஒருமுறை இட்டுவிட்டால் போதும்.

உண்மையாகவே தட்டில் சேதம் இருந்தால், பிழை எந்தப் பாட்டில் வருகிறது என்பதே நல்ல துப்பு. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் முதல் பாட்டு நடுத்துளைக்கு அருகில், கடைசிப் பாட்டு விளிம்பில். கடைசி இரண்டு மூன்று பாட்டுகள் மட்டும் தகராறு செய்தால் விளிம்பைப் பிடித்த விரல்களின் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் சந்தேகிக்கலாம். அடுத்தது வேகம். 52 மடங்கு என்று எழுதியிருக்கும் டிரைவ் தட்டை நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுழற்றுகிறது. அந்த 52 மடங்கு எட்டப்படுவதும் விளிம்பில்தான். ஒருபக்கம் ஒட்டுத்தாள் ஒட்டிய தட்டு, நடுத்துளை சரியாக மையத்தில் அமையாத தட்டு இவையெல்லாம் அந்த வேகத்தில் நடுங்கும். வேகத்தை 8 மடங்குக்கோ 4 மடங்குக்கோ குறைத்தால் பல "பழுதுகள்" தாமாக மறைந்துவிடும். வேகம் குறைந்தும் தீராவிட்டால் வேறொரு நிறுவனத்தின் டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரே கீறலை இரண்டு டிரைவுகள் ஒரேமாதிரி கையாள்வதில்லை. இருபது வயதான பழைய டிரைவ் ஒன்று புதியது கைவிட்ட தட்டைப் படித்துவிடுவதும் உண்டு.

தட்டைத் துடைப்பது பற்றி ஒரு விதி. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகக் கூடாது. வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது சுருளின் போக்கிலேயே நீளும், 2.5 மில்லிமீட்டர் என்ற எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு கணம் மட்டுமே வெட்டுகிறது. அதைச் சிதறல் கணிதம் பார்த்துக்கொள்ளும். எந்தப் பக்கத்தைக் காக்க வேண்டும் என்பதிலும் பலருக்குத் தலைகீழான எண்ணம் இருக்கிறது. பளபளக்கும் கீழ்ப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, படம் உள்ள பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுதுகிறார்கள். லேசர் கீழ்ப்பரப்பில் நுழையும்போது முக்கால் மில்லிமீட்டர் அளவு விரிந்திருக்கிறது, 1.2 மில்லிமீட்டர் உள்ளே போன பிறகே ஒரு புள்ளியாகக் குவிகிறது. கீழ்ப்பக்கத்து மெல்லிய கீறல் அதன் பார்வையில் மங்கலான நிழல் மட்டுமே. ஆழமானதையும் மெருகேற்றிச் சரிசெய்யலாம். மேல்பக்கத்திலோ எண்களுக்கும் உங்கள் நகத்துக்கும் இடையே சில மைக்ரான் வார்னிஷ்தான் இருக்கிறது. அங்கே உரிந்த அலுமினியத்தோடு இசையும் போய்விடும். தட்டை விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளையாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தை எந்தத் துடைப்பும் மீட்காது.

தட்டும் டிரைவும் நலமாக இருந்து கணினி கெடுக்கும் நேரங்களும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகளில், டிரைவோடு நடக்கும் பரிமாற்றத்தில் மொத்தம் ஆறு பிழைகள் சேர்ந்துவிட்டால், இயங்குதளம் வேகமான டிஎம்ஏ முறையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து மெதுவான பிஐஓ முறையில் நிறுத்திவிடும். ஒரே ஒரு கெட்ட தட்டு இதைச் செய்துவிடக்கூடும். பிறகு நல்ல தட்டுகளும் இழுத்து இழுத்துப் படிக்கும், மவுஸ் அம்புகூடத் திணறும். அப்படிப்பட்ட கணினியை இன்னும் வைத்திருப்பவர்கள், டிரைவ் இணைந்திருக்கும் சானலைச் சாதன மேலாளரில் நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் பழைய வேகம் திரும்பும். இன்றைய மடிக்கணினியில் யுஎஸ்பி வழியாக மாட்டும் மெல்லிய டிரைவுக்கு மின்சாரம் போதாமல் போவதே வழக்கமான தொல்லை. கிளைப்பெட்டியில் (ஹப்) செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள்.

பிழை தற்செயலாக வராமல், வேண்டுமென்றே தட்டில் வைக்கப்பட்ட ஒரு காலமும் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் இசை நிறுவனங்கள் நகலெடுப்பதைத் தடுக்க, வாசிப்பான் பொருட்படுத்தாத ஆனால் கணினி குழம்பும்படியான பொய்களைத் தட்டில் எழுதத் தொடங்கின. மிட்பார் டெக் நிறுவனத்தின் கேக்டஸ் டேட்டா ஷீல்ட், சோனியின் கீ2ஆடியோ இரண்டும் அப்படிப்பட்டவை. பின்னதில் தட்டின் விளிம்பருகே போலியான ஒரு தகவல் தடம் இருந்தது. கணினி அதையே முதலில் தேடிப்போய் முட்டிக்கொள்ளும். அந்த வெளிவட்டத்தைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் மறைத்துவிட்டாலே தட்டு சாதாரணமாகப் படித்துவிடுகிறது என்பது 2002இல் செய்தியானது. இப்படி விதிமீறிய தட்டுகள் சிடி முத்திரையைத் தாங்கக் கூடாது என்று, அந்த விதியை வகுத்த பிலிப்ஸே கண்டித்தது.

இதன் உச்சம் 2005இல் வந்தது. சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில சிடிகளைக் கணினியில் போட்டால், எக்ஸ்சிபி என்ற மென்பொருள் விண்டோஸின் அடியாழத்தில் தன்னைப் பதித்து ஒளிந்துகொண்டது. மார்க் ருஸினோவிச் என்ற வல்லுநர் தன் கணினியில் அதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31 அன்று எழுதினார். பெயர் குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கினால் எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும் என்பதால், வைரஸ் எழுதுகிறவர்களுக்கும் அது வாசலைத் திறந்துவிட்டது. நவம்பரில் நிறுவனம் அந்தத் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. பாட்டுக் கேட்கக் காசு கொடுத்து வாங்கியவரின் வீட்டுக்குள் இப்படிப் புகுந்தது பெரும் அநியாயம். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. பழைய புத்தகக் கடையில் அந்த ஆண்டுகளின் மேலைநாட்டு சிடி கிடைத்தால், தானியங்கித் தொடக்கத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். தட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தாலே போதும் என்பதை, வேறொரு தடுப்புமுறையை ஆராய்ந்த பிரின்ஸ்டன் மாணவர் ஜான் ஹால்டர்மன் 2003இலேயே காட்டியிருந்தார்.

எழுதும் பக்கத்துக்கு வருவோம். வெற்று சிடியில் பள்ளம் கிடையாது. ஒளிபட்டால் நிறம் மாறும் ஒரு சாயத்தை லேசர் சுட்டு, பள்ளம் போலத் தோன்றும் தடங்களை உண்டாக்குகிறது. ஒருகாலத்தில் எழுதும் வேலை பாதியில் கெடக் காரணம் பெரும்பாலும் தகவல் வறட்சிதான். எழுதும் டிரைவின் சிறிய நினைவகம் 16 மடங்கு வேகத்தில் ஒரு வினாடிக்குள் தீர்ந்துவிடும். அந்த நேரம் கணினி வேறெதிலாவது மூழ்கியிருந்தால் லேசர் நிற்கும், நின்ற இடத்தில் மறுபடி தொடங்கத் தெரியாது, தட்டு வீண். 2000இல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-புரூஃப் நுட்பம் விட்ட இடத்தில் தொடங்கக் கற்றுக்கொடுத்த பின் இந்தத் தொல்லை ஒழிந்தது. மெதுவாக எழுதினால் நல்லது என்ற நம்பிக்கை மட்டும் அந்தக் காலத்திலிருந்து தங்கிவிட்டது. அதிக வேகத்துக்காகச் செய்த சாயத்தை மிக மெதுவாகச் சுட்டாலும் தடம் பிசகலாம். நடுத்தர வேகமே உத்தமம். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிடிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். அச்சடித்த தட்டின் 70 சதவீதத்துக்குப் பழகிய பழைய வாசிப்பான்கள் அதைப் பார்க்காமலே "தட்டு இல்லை" என்று சொல்லிவிடும்.

கச்சேரிப் பதிவுகளை நகலெடுப்பவர்களுக்கு வேறொரு வருத்தம். ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனிப் பாட்டெண்ணாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும் மேடையில் அவை ஒரே ஓட்டம். பாட்டுப் பாட்டாக எழுதும் முறையைத் தேர்ந்தால், மென்பொருள் இரண்டு பாட்டுக்கு நடுவே 2 வினாடி அமைதியைத் திணித்துவிடும். தானம் பல்லவிக்குள் இறங்கும் இடத்தில் தம்புராவே அறுந்துபோவது கொடுமை. தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தால் அது வராது. நகல் மட்டும் கீச்சென்று, உயர்சுரங்கள் தூக்கலாகக் கேட்டால், அது 1980களின் தட்டாக இருக்க வாய்ப்புண்டு. அன்று சில தட்டுகளில் உயர்சுரங்களைக் கூட்டிப் பதிந்து, வாசிப்பான் குறைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு குறியும் வைத்தார்கள். நகலெடுக்கும்போது அந்தக் குறி தொலைந்துவிட்டால் கூட்டியது கூட்டியபடியே நின்றுவிடும். எண்களில் பிழையே இருக்காது என்பதால் எந்தச் சோதனையும் இதைக் காட்டாது. கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

இந்த வேலைகளை இனியும் தள்ளிப்போடுவது நல்லதில்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் பிடிஓ ஆலை 1988 முதல் 1993 வரை அச்சடித்த தட்டுகளில் பல, விளிம்பிலிருந்து செம்புநிறமாகக் கறுத்தன. உறைக் காகிதத்தில் இருந்த கந்தகத்தை அவற்றின் வார்னிஷ் தடுக்கவில்லை. பெலீஸ் நாட்டின் வெப்ப ஈரத்தில் இருந்த ஒரு தட்டைப் பூஞ்சை தின்றிருந்ததை மாட்ரிட் அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2001இல் கண்டார்கள். பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் சேர்த்தே அது அரித்திருந்தது. சென்னையின் ஐப்பசி ஈரத்தில் தட்டுகளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் எழுதிய சிடிகளுக்கு வெயிலே பகை. சாயம் வெளுத்தால் எழுத்தும் போய்விடும். திருமணப் பதிவு, பாட்டியின் குரல், பள்ளி நாடகம் என்று வேறெங்கும் நகல் இல்லாதவை பெரும்பாலும் இப்படி வீட்டில் எழுதிய தட்டுகளிலேயே இருக்கின்றன. கடையில் வாங்கிய திரைப்படப் பாட்டை விட்டுவிட்டு அவற்றை முதலில் எடுங்கள். இழப்பில்லாத ஃபிளாக் வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் தரும் பதிவறிக்கையையும் அதே கோப்புறையில் போட்டுவையுங்கள். எந்த வினாடியில் ஐயம் இருந்தது என்பதை அது பின்னாளில் சொல்லும்.

எத்தனை டிரைவில் போட்டும் சில வினாடிகள் மீளாத தட்டுக்கும், அது கடையில் விற்ற வெளியீடாக இருந்தால், கடைசியாக ஒரு வழி இருக்கிறது. கியூடூல்ஸ் மென்பொருளின் பொதுத் தரவுத்தளம், சோதனைத் தொகையோடு நிற்காமல், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சிறிதளவு காவல் எண்களையும் சேர்த்துவைக்கிறது. உங்கள் நகலில் கெட்டுப்போன மாதிரிகள் ஓர் அளவுக்குள் இருந்தால், யாரோ ஒருவர் தம் நல்ல தட்டிலிருந்து எடுத்தபோது கணக்கிட்ட அந்த எண்களைக் கொண்டு, கெட்ட இடங்களைத் துல்லியமாக நிரப்பிவிடும். அந்தக் காவல் எண்களும் ரீட்-சாலமன் முறையில் கணக்கிட்டவையே.